கொல்லிமலைச் சரிவுகளில் மான் தேடிய அனுபவங்கள்

முதுமலையில் தெப்பக்காட்டுக்கு மாலை வேளையில் சென்றிருப்பவர்கள், குடியிருப்புகளின் வாசலிலேயே புள்ளிமான்கள் கூட்டமாக வந்து படுத்து அசைபோடுவதைக் கண்டு, மான் என்பது இயல்பிலேயே மனிதனிடம் சிநேகம் பூண்ட சாதுப் பிராணி என்ற அபிப்பிராயத்தோடு திரும்பியிருப்பார்கள். அதே அபிப்பிராயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொல்லிமலையின் சரிவுக் காடுகளில் மானைத் தேடிப் புறப்படுகிறவர், பகல் முழுதும் நடந்தும் ஒரு வால் நுனியைக்கூடக் காணாமல், இந்த மலையில் மானே கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டும் தவறு. முதுமலை மான் மனித வாசலுக்கு வருவது வாத்சல்யத்தால் அல்ல. புலியும் சிறுத்தையும் செந்நாயும் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கால்வைக்கத் தயங்கும் என்பதைக் கண்டுகொண்டு, நம்மை ஒரு வேலியாக அது பிரயோஜனப்படுத்திக்கொள்கிறது. கொல்லிமலையிலோ புலியும் இல்லை, யானையும் இல்லை. அங்கே மானுக்கு எமனாக வாய்த்தவன் மனிதனும் அவன் பின்னால் வரும் நாயுமே. ஆகவே ஒரே ஜாதி மிருகம் ஓரிடத்தில் மனிதனை நோக்கி வருகிறது, மற்றோரிடத்தில் அவன் வாடை பட்டதும் மறைகிறது. மானின் சுபாவம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி, அந்தந்தப் பிரதேசத்தின் நில அமைப்பும் அங்குள்ள வேட்டையின் நெருக்குதலும் சேர்ந்து உண்டாக்கியதே என்பதுதான் இந்த மலையில் அலைந்து திரிந்ததில் எனக்கு உறுதிப்பட்ட சித்தாந்தம்.

நான் வேட்டைக்காரன் அல்லேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, 1991-இல் செய்த திருத்தம் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு வேட்டையாடும் பழைய ஏற்பாட்டையே இல்லாமல் செய்துவிட்ட பிறகு, இந்நாட்டில் மானைக் கொல்வதற்கு யோசனை சொல்லுவது குற்றத்துக்குத் துணைபோவதாகும். ஆனால் மானைக் காண்பதற்கு வேண்டிய வித்தை, அதைக் கொல்வதற்கு வேண்டிய வித்தையிலிருந்து கடைசி ஒரு கணத்தில் மட்டுமே வேறுபடுகிறது. ஆதலால் என் ஆசான்களாக அமைந்தவர்கள், ஒரு காலத்தில் நாட்டுத் துப்பாக்கி தூக்கிய மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகிறவர், உச்சியில் பெருங்காடு காத்திருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் மேட்டுநிலம், பள்ளங்களில் நெல்லும், மேடுகளில் மரவள்ளியும், சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும், வீட்டுக்கு வீடு பலாவுமாக, பெரும்பாலும் மனிதன் உழுது பயிரிடும் பூமி. காடு இருப்பது சரிவுகளில்; வழுக்கைத் தலையைச் சுற்றி எஞ்சிய முடியைப்போல் அது மலையை வளைத்து நிற்கிறது. மேலே வயல், கீழே சேந்தமங்கலம் பக்கத்துச் சமவெளியின் தோட்டங்கள், நடுவில் செங்குத்தான ஒரு வனப் பட்டை. இந்தப் பட்டைக்குள்தான் மானின் சம்சாரம் முழுவதும் நடந்தாக வேண்டும். அடிவாரத்து முட்காட்டில் புள்ளிமானும், மேலே ஓடையோரச் சோலைகளில் குரைக்கும் மானாகிய கேளையாடும் என்று இரண்டும் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டிருப்பதையும், மழை விட்ட மாதங்களில் எங்கும் சிதறியிருப்பவை பங்குனி, சித்திரையில் வற்றாத ஒன்றிரண்டு ஓடைகளை ஒட்டி ஒடுங்கிவிடுவதையும் அறிந்துகொண்டால், தேடவேண்டிய நிலப்பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும்.

பழங்காலத்தில் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்ற ஐந்தையும் ஊடுருவியதாக வன்பரணர் பாடிய பாட்டு, புறநானூற்றில் 152-ஆவதாக இருக்கிறது. புலவர்கள் அதில் ஓரியின் வில்லாற்றலைப் பார்க்கிறார்கள். எனக்கோ அது இந்த மலைக்காட்டின் பழைய ஜாபிதாவாகத் தோன்றும். அந்த ஐந்தில் முதல் இரண்டும் கொல்லிமலையை விட்டுப் போய்விட்டன. மான் ஒளிந்து பிழைக்கிறது. தைரியமாகப் பல்கிப் பெருகியது பன்றி ஒன்றே. அதற்குக் காரணம் மனிதனுடைய கலப்பைதான். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேடுகளில், சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி கடந்த சில பத்தாண்டுகளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சாமை சில மாதத்தில் அறுவடையாகிக் களத்துக்குப் போய்விடும். மரவள்ளியோ வருஷத்தின் பெரும்பகுதி கிழங்கோடு மண்ணில் கிடக்கும். பன்றிக்கு இதைவிடப் பெரிய அன்னசத்திரம் எங்கே கிடைக்கும்? ஓர் இரவில் பாத்தி பாத்தியாகக் கிளறிப்போட்ட கொல்லையின் ஓரத்தில் நின்று பார்த்தவனுக்கு, குடியானவன் கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயை ஏன் வைக்கிறான், பைக்கின் கிளட்ச் வயரைச் சுருக்காக வளைத்துப் புதரில் ஏன் கட்டுகிறான் என்று கேட்க வாய் வராது. ஆனால் சுருக்குக்கு ஜாதி வித்தியாசம் தெரியாது. பன்றி நுழையும் தடத்தில், பன்றியின் கழுத்தளவுக்குக் கட்டிய அந்தக் கம்பியில், தலை தாழ்த்தி இலை கடித்துக்கொண்டு வரும் கேளையாடும் மாட்டிக்கொள்கிறது. இதைப்பற்றி ஒரு பெரியவரிடம் பேச்செடுத்தபோது அவர், "பன்னிக்கு வச்ச கண்ணியில மான் வந்து விழுந்தா நாங்க என்னா தம்பி பண்றது? மானை நாங்களா கூப்பிட்டோம்?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. பயிரை அழிக்கும் பன்றிகளைக் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025-இல் எடுத்த முடிவு சமவெளிக்குப் பொருத்தமாக இருக்கலாம். காடும் கொல்லையும் தோளோடு தோள் உரசும் இப்படிப்பட்ட மலைக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பது எனக்குச் சந்தேகமே.

இனி, தேடும் முறை. நெருக்குதல் உள்ள காட்டில் மானைக் கண்ணால் தேடுகிறவன் காணமாட்டான். தடயத்தால் தேடுகிறவன் சில சமயம் காண்பான். முதலில் பார்க்க வேண்டியது கடித்த கிளை. முயல் கடித்த தளிர், பேனாக்கத்தியால் சீவியதுபோல் சாய்வாகச் சுத்தமாக அறுபட்டிருக்கும். மானுக்கு மேல்வாயின் முன்புறத்தில் பற்கள் கிடையாதாகையால், அது கீழ்ப்பற்களால் பற்றி இழுத்துப் பிய்க்கிறது, நுனியில் நார் நாராகத் தொங்கும். வெள்ளாடும் அப்படியே கடிக்கும் என்பதால், ஆடு மேய்க்கும் எல்லையைத் தாண்டிய இடத்தில்தான் இந்தச் சாட்சிக்கு மதிப்பு. அடுத்தது நெல்லிக்கொட்டை. நெல்லி காய்க்கும் பருவத்தில், உதிர்ந்த கனியை மான் முழுதாக விழுங்கிவிட்டு, பிறகு பத்திரமான இடத்தில் படுத்து அசைபோடுகையில் கொட்டையை மட்டும் துப்பிவிடும். மரத்துக்குச் சற்றுத் தொலைவில், பாறை மறைவிலோ புதர் அடியிலோ, சதை நீங்கிய நெல்லிக்கொட்டைகள் கைப்பிடியளவு குவிந்து கிடந்தால், அது ஒரு மானின் படுக்கையறை என்று அறிந்துகொள்ளலாம். அந்த இடத்தை மிதிக்காமல் விலகி வந்துவிட வேண்டும்; படுக்கையில் மனித வாடை வீசினால், மறுநாள் மான் அங்கே வாராது.

வாடை என்றதும் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சமவெளியில் காற்றின் திசையைப் புழுதி தூவிப் பார்த்தால் போதும். சரிவிலோ காற்று கடிகாரத்தைப் பார்த்துத் திசை மாறுகிறது. இராத்திரியும் விடியற்காலையிலும் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் அதுவே மேல்நோக்கிப் புறப்படும். ஆகையால் பொழுது புலர்வதற்கு முன் மானுக்குக் கீழ்ப்புறத்திலும், வெயில் ஏறிய பின் மேற்புறத்திலும், மாலையில் மறுபடி கீழ்ப்புறத்திலும் நாம் இருக்க வேண்டும். இடையில் காற்று தடுமாறும் அரைமணி நேரம் இருக்கிறதே, அப்போது எங்கே உட்கார்ந்தாலும் பிரயோஜனமில்லை. வெற்றிலை போட்டுக்கொள்ளத் தகுந்த வேளை என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இவையெல்லாம் எந்தக் காட்டுக்கும் பொது. கொல்லிமலைக்கே உரிய பாடம் வேறொன்று: இங்கே மானின் தினசரியைப் படிக்குமுன் மனிதனின் பஞ்சாங்கத்தைப் படிக்க வேண்டும். நெற்றி லைட் கட்டிக்கொண்டு திருட்டு வேட்டைக்கு இறங்குகிறவர்கள் இருட்டு இரவுகளையே விரும்புவார்கள் ஆதலால், அமாவாசையை ஒட்டிய காலைகளில் ஓடையோரம் வெறிச்சென்று கிடக்கும்; நிலா நாட்களில் அதே இடத்தில் புதிய குளம்படிகளை நான் கண்டிருக்கிறேன். சாதாரணமாக வெளிச்சம் பட்டதும் திகைத்து நிற்பதே மானின் வழக்கம். இங்கே அது முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் ஒளி தெரியாதபடி புதருக்குள் நழுவுவதைக் காணலாம். ஆடிப்பதினெட்டை ஒட்டி ஓரிக்கு விழா எடுக்கும் நாட்களிலும், அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் ஜனங்கள் திரளும் விடுமுறைகளிலும், மனிதர் இறங்க முடியாத பள்ளங்களுக்கு மான்கள் ஒதுங்கிவிடுகின்றன. உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை மலைக் கிராமங்களில் அறிவிப்புச் செய்யும் காலங்களும் உண்டு. அதன் பிறகு சில வாரங்கள் வெடிச்சத்தம் ஓய்ந்திருந்தால், கேளையாடு பொழுது சாயுமுன்னரே காப்பித் தோட்டத்து ஓரத்தில் தலைகாட்டத் தொடங்கும். பயத்தைக் கற்க ஒரு வெடி போதும்; மறக்கத்தான் நாளாகிறது.

கேளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது கூட்டம் சேராத தனிப் பிராணி. சந்தேகம் தட்டினால் நாயைப்போல் குரைக்கும், சில வேளை நெடுநேரம் விடாமல் குரைத்துக்கொண்டேயிருக்கும். ஆனால் நாயும் துப்பாக்கியும் அடிக்கடி வரும் சரிவுகளில் அது குரைப்பதையே நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். குரல் கேட்கவில்லை என்பதால் பிராணி இல்லை என்று கணக்கெழுதிவிடக் கூடாது.

வேட்டையின் நெருக்குதல் மானின் நடத்தையை மாற்றிவிடும் என்ற இதே பாடத்தை வட அமெரிக்கர்கள் தங்கள் வெள்ளைவால் மானிடம் கற்றிருக்கிறார்கள். கட்டுப்பாடற்ற வேட்டையால் 1900-ஐ ஒட்டி அங்கே சில லட்சங்களாகத் தேய்ந்துபோன அந்த மான், சட்டமும் வேட்டைப் பருவக் கட்டுப்பாடும் வந்தபின் இன்று ஏறத்தாழ மூன்று கோடியாகப் பெருகியிருக்கிறது. ஆயினும் துப்பாக்கிப் பருவம் தொடங்கியதும் அது பகலை விட்டு இரவுக்கு மாறிவிடுகிறது என்று அங்குள்ள அனுபவஸ்தர்கள் சொல்வது, நம் சரிவுக்கும் அப்படியே பொருந்துகிறது. அச்சம் வந்தால் வாலை உயர்த்தி அடிப்புறத்து வெண்மையைக் காட்டி ஓடுவதிலும் நம் புள்ளிமான் அதற்கு உறவினன்தான். மறுபுறம், சென்னை கிண்டியில் மதிலுக்குள் வாழும் புள்ளிமானையும், திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் பக்தர்களின் கையைப் பார்த்து நிற்கும் மான்களையும் பாருங்கள். வேட்டை என்ற ஒன்று நின்றுபோனால் இந்தப் பிராணி எவ்வளவு தூரம் இளகிவிடும் என்பதற்கு அவை அத்தாட்சி. பக்தர்கள் கொடுக்கும் தீனியும் பிளாஸ்டிக் உறையும் அவற்றுக்கு நல்லதா என்பது வேறு விவகாரம்.

மான் பார்க்க வரும் இளைஞர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது இரண்டுண்டு. சுருக்குக் கம்பி தென்பட்டால் அதைத் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்துவிட வேண்டும். கட்டியவன் யார் என்ற துப்பு அந்தக் கம்பியிலும் முடிச்சிலும்தான் இருக்கிறது. மான் தென்பட்டால், படம் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் எந்த ஓடை, எந்த ஊருக்குக் கீழே என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது, கைப்பேசிப் படத்தில் இடக்குறிப்புப் பதிவாகும் வசதியையும் மலையேறுமுன் நிறுத்திவிட வேண்டும். ஓடைகளின் பெயர்களை இந்தக் கட்டுரையிலும் நான் எழுதாதது அதனால்தான்.