பத்ரா ஷெட்டுக்குப் பதின்மூன்று காவல் குறிப்புகள்

மும்பை சயானில் தோட்டமா என்று சிரிக்காதீர்கள். தரைத்தள வீட்டுக்குப் பின்னால் துளசித் தொட்டி, ஒரு கறிவேப்பிலைச் செடி, அதை ஒட்டி ஒரு தகர (பத்ரா) ஷெட். நம்மில் பல பேருக்குத் தோட்டமும் அதுதான், சாமான் அறையும் அதுதான். உள்ளே இருக்கும் ஆட்டுக்கல்லை எவனும் தூக்க மாட்டான். தண்ணீர் மோட்டார், சைக்கிள், ஊரிலிருந்து சுமந்து வந்த பித்தளை அண்டா இதெல்லாம் பங்கார் என்னும் பழைய சாமான் கடைக்குக் கிலோ கணக்கில் போய்விடும்.

1. பெரிய பூட்டு வாங்கும் முன் கொண்டியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் திருடன் பூட்டைத் தொடவே இல்லை. கொண்டியின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, பூட்டைப் பூட்டியபடியே தொங்கவிட்டு, மோட்டாரைக் கொண்டுபோனான். இப்போது ஸ்க்ரூ இருந்த இடத்தில் கதவைத் துளைத்து போல்ட் போட்டிருக்கிறோம். உருண்டைத் தலை வெளியே, நட் உள்ளே. தகரக் கதவானால் உள்பக்கம் ஓர் இரும்புப் பட்டை கொடுத்து முடுக்குங்கள். இல்லையென்றால் நெம்பும்போது போல்ட் தகரத்தோடு பிய்ந்துகொண்டு வரும்.

2. கீல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் ஊசியைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றிவிடலாம். ஊசியின் தலையிலும் அடியிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

3. கூரையை மறந்துவிடுகிறோம். பத்ராவைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டின் நட் மேல்பக்கம்தான் இருக்கும், ஒரு ஸ்பானர் போதும் கழற்ற. நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிட்டால் நட் லேசில் வெளியே வராது. மழைக்கு முன் ஒழுகல் அடைக்க ஆள் ஏறும்போதே இதையும் செய்துகொண்டால் தனிக் கூலி மிச்சம்.

4. பூட்டின் வளையம் தடிப்பாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். நீள வளையத்தில் கம்பி நுழைத்து நெம்புவது சுலபம். பூட்டுக்கு நாம் வெளியூர் தேட வேண்டாம்: கோத்ரெஜ் 1897இல் தொழில் தொடங்கியதே இதே பம்பாய் லால்பாகில், பூட்டு செய்துதான். ஆனாலும் என் ஓட்டு திண்டுக்கல்லுக்கு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது; ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வரச் சொல்லுங்கள்.

5. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைச் சாவித் துவாரத்தில் தூவுங்கள். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி மேலே தொங்கவிட்டால் மழைக்குக் குடை தயார்.

6. ஏணியும் கடப்பாரையும் ஷெட்டில் சும்மா கிடந்தால், அவை நம் வீட்டு ஜன்னலை உடைக்க நாமே எடுத்துக்கொடுத்த ஆயுதம். ஏணியைப் படுக்கவைத்துச் சுவர் வளையத்தோடு சங்கிலி போடுங்கள். அதே சங்கிலியை சைக்கிளின் நடுச்சட்டத்துக்குள்ளும் நுழைத்துவிட்டால் ஒரே பூட்டில் இரண்டும் அடங்கும்.

7. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதையே மோட்டார், டிரில் மெஷின், சைக்கிள் எல்லாவற்றுக்கும் செய்யுங்கள். பாத்திரக் கடைக்காரரின் கை மெஷின் இரும்பிலும் எழுதும். பெயர் வெட்டிய சாமானை வாங்கப் பங்கார் கடைக்காரர் ஒரு தரம் யோசிப்பார். மோட்டார் தகட்டில் இருக்கும் நம்பரை போனில் படம் பிடித்து வையுங்கள், புகாருக்கு அதுதான் உதவும்.

8. துளசித் தொட்டிக்கு அடியில் சாவி வைப்பது நமக்குத் தெரிந்த அளவுக்குத் திருடனுக்கும் தெரியும். எதிர்வீட்டு மாமியிடம் ஒன்று கொடுத்துவையுங்கள்.

9. காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தண்ணீர் டிரம் வைத்தால் அது படிக்கட்டு. நகர்த்திவிட்டு அந்த இடத்தில் முள்ளுள்ள காகிதப்பூச் செடியை ஏற்றிவிடுங்கள். சயான் என்ற பெயரே எல்லை என்று பொருள்படும் ‘சீவ்’ என்ற மராத்திச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியர் பக்கத்து எல்லையைக் காக்க வெள்ளைக்காரன் குன்றின்மேல் கோட்டை கட்டினான். நம் எல்லைக்கு இந்த முள்ளே தாராளம்.

10. ஷெட் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகப் பழைய கேலண்டர் தாளை ஒட்டிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவன் மெனக்கெட யோசிப்பான்.

11. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானே எரியும் சென்சார் பல்பு சாதாரண ஹோல்டரிலேயே பொருந்தும். விடிய விடிய எரியாததால் மின்சாரமும் மிச்சம். பூனைக்கும் எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

12. மே மாத லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் கிளம்பும்போது ரயில் ஏறிய போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், திரும்பி வந்து போடுங்கள். பேப்பர், பால் நிறுத்தச் சொல்ல மறக்க வேண்டாம். பித்தளையை மட்டும் வீட்டுக்குள் பரணில் ஏற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வந்தால் ஜூன் மழை, தரையில் தண்ணீர் ஏறினாலும் அது நனையாது.

13. அப்படியும் சாமான் திருட்டுப் போய்விட்டால், உள்ளே புகுந்து அடுக்கி வைக்காதீர்கள். முதலில் 112க்குப் போன். புகாரை ஆன்லைனில் கொடுத்தால் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டம். ஏழாவது குறிப்பின் போட்டோவைக் கையோடு எடுத்துப் போங்கள்.