வரைபவரைப் படமெடுக்க...

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா கூட்டத்தில் முட்டிமோதி வந்த பிறகு, ரிஷெலியூ பகுதியின் மார்லி முற்றத்துக்குப் போங்கள். கண்ணாடிக் கூரை வழியே பகல் வெளிச்சம் இறங்கும். குதிரை முதலான பளிங்குச் சிலைகளின் காலடியில் நோட்டும் பென்சிலுமாகப் பெரும்பாலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஃபிளாஷுக்குத் தடை. கேமராவின் ஃபோகஸ் விளக்கையும் ஷட்டர் சத்தத்தையும்கூட அணைத்துவிடுங்கள். வெளிச்சம் மங்கினால் ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை ஏற்றலாம். ஷட்டர் 1/125 இருந்தால் ஓடுகிற கை அவ்வளவாகக் கலங்காது.

முகம் தெரிய எடுப்பதானால் கேமராவைக் காட்டிக் கண்ணாலேயே கேளுங்கள், அதுவும் அவர் கோட்டை முடித்து நிமிர்ந்த பிறகு. என்னைக் கேட்டால் முகமே வேண்டாம். தோளுக்குப் பின்னால் நின்று, கல்லில் முழுதாக நிற்கும் குதிரையையும் தாளில் பாதி முளைத்த குதிரையையும் ஒரே படத்தில் பிடியுங்கள். கரி படிந்த சுண்டுவிரல் கிடைத்தால் இன்னும் அழகு.

ஓவியக் கூடங்களில் ஸ்டாண்டு போட்டு நகலெடுப்பவர்கள் வேறு ரகம். முறைப்படி அனுமதி வாங்கியவர்கள். நகல், மூல ஓவியத்தின் அளவில் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. சற்றுத் தள்ளி நின்று இரண்டையும் சேர்த்து எடுத்தால் அந்த வித்தியாசமும் பதியும்.

செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.