மேல்மலையிலிருந்து முட்டுக்காடு வரை

கேள்வி: பூம்பாறையில் பிளஸ் டூ முடித்த என் மகள், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஆசிரியையாக விரும்புகிறாள். எங்கே படிக்கலாம்? (கொடைக்கானல் வாசகி)

பதில்: மலையிறங்கத் தயாராக இருப்பது நல்லது.

சிறப்பாசிரியர் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் அவசியம். 1992-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டாண்டு டிப்ளமோ உண்டு. பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு எனப் பிரிவுகள் தனித்தனி. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. விசாரிப்பதை அங்கிருந்து தொடங்கலாம். பூம்பாறைக் குளிரில் வளர்ந்தவருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வெயில்தான் முதல் பரீட்சை!

பிரெய்லும் சைகை மொழியும் பழகப் பழக வந்துவிடும். நடத்தையைப் படிப்பதுதான் கடினம். பள்ளி மணி அடித்ததும் ஒரு பையன் நோட்டைக் கிழித்தெறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். திட்டுவதற்கு முன் ஆசிரியர் மூன்றைக் குறிக்க வேண்டும்: அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. சில நாள் குறிப்பிலேயே, அவன் அடம்பிடிக்கவில்லை, மணிச்சத்தம்தான் தாங்கவில்லை என்பது புலப்படலாம்.

வேலை? தொடக்கப்பள்ளியில் மாற்றுத்திறன் கொண்ட 10 மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டுமென 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையங்கள் வழியாகச் சிறப்பாசிரியர்கள் செல்கிறார்கள். பணம் கட்டுமுன், கழகத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் பிரிவும் இருக்கின்றனவா என்று மகள் சரிபார்ப்பது நல்லது.