உல்பான் முடிந்ததும் கடலுக்கு: ரயிலா, பஸ்ஸா, ஷெருத்தா?

ஜெருசலேமில் ஹீப்ரு படிக்கப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் பெரிய வரம், வகுப்பு முடிந்த பிறகு மிச்சமிருக்கும் பகல். உல்பான் எனப்படும் தீவிர மொழி வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு முதல் வியாழன் வரை காலையில் நடக்கும். மதியம் கிளம்பினால் மாலை வெயில் சாய்வதற்குள் டெல் அவிவ் கடற்கரையில் கால் நனைத்துவிடலாம். மலைமேல் இருக்கும் ஜெருசலேமுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையில் சுமார் 60 கிலோமீட்டர்தான்.

போக வழிகள் பல. எது வேகம், எது மலிவு என்று எல்லோரும் பார்ப்பார்கள். மொழி படிக்க வந்தவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எந்த வண்டியில் ஹீப்ரு அதிகம் காதில் விழும், எதில் வாயைத் திறந்தே ஆக வேண்டியிருக்கும்? உங்கள் நிலைக்கு ஏற்ற வண்டியில் ஏறினால், பயணமே மாலை வகுப்பு.

முதலில் கிழமையைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை பிற்பகலில் ரயிலும் பெரும்பாலான பஸ்களும் நின்றுவிடும். யூதர்களின் வார ஓய்வு நாளான ஷபாத் முடிந்து, சனிக்கிழமை இரவில்தான் மறுபடி ஓடும். குளிர்காலத்தில் பொழுது சீக்கிரம் சாய்வதால் கடைசி வண்டியும் முன்னதாகவே போய்விடும். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகிறவர்கள், போகும் வண்டியைத் தேடும் முன் திரும்பும் வண்டியைத் தேடிவைக்க வேண்டும். ஞாயிறு காலையும் வியாழன் மாலையும் முகாமுக்கும் வீட்டுக்குமாகப் போய்வரும் ராணுவ வீரர்களால் வண்டிகள் நிரம்பி வழியும். திங்கள், செவ்வாய், புதன் மூன்றும்தான் மாணவர்களுக்கு வசதியான நாள்கள்.

ரவ்-காவ் என்ற பயண அட்டையை வந்த வாரமே வாங்கிவிடுங்கள். ரயில், பஸ், நகர டிராம் மூன்றுக்கும் அது ஒன்றே போதும். நகர பஸ்களில் ஓட்டுநர் கையில் காசு வாங்குவதில்லை. நேரம் பார்க்க மூவிட் செயலியை அங்கே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

ரயில்: புதிதாக வந்தவருக்கு

ஜெருசலேமின் யிட்ஸ்ஹாக் நவோன் நிலையத்தில் ஏற வேண்டும். 2018இல் திறந்த இந்த மின்ரயில் பாதை முதலில் பென் குரியன் விமான நிலையம் வரை ஓடியது. 2019 இறுதியில் டெல் அவிவுக்கு நீண்டது. பயணம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் நடைமேடை தரைக்கு அடியில் சுமார் 80 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வாசலில் பைச் சோதனையும் உண்டு. நகரும் படிக்கட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கவே பத்து நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவருக்கு ரயில்தான் நல்லது. பெயர்ப் பலகைகள் ஹீப்ரு, அரபு, ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். ஹீப்ருவில் முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் சரிபார்க்கலாம். வழியில் தடுமாறவும் வாய்ப்பில்லை. குறை ஒன்றுதான்: யாரிடமும் பேசாமலேயே போய்ச் சேர்ந்துவிடலாம்.

பஸ்: வாக்கியம் அமைக்கத் தொடங்கியவருக்கு

மத்திய பஸ் நிலையம், நவோன் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கிருந்து 480ஆம் எண் பஸ் டெல் அவிவின் சவிடோர் ரயில் நிலையத்தை ஒட்டிய நிலையத்துக்கும், 405ஆம் எண் பஸ் நகரின் தென்பகுதியிலுள்ள மத்திய பஸ் நிலையத்துக்கும் போகும். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். மாலை நெரிசலில் கணக்கே கிடையாது. கடலுக்குப் போகிறவர்கள் 480ஐயே தேர்ந்தெடுங்கள். இறங்கிய இடத்திலிருந்து டிராம் பிடிப்பது எளிது.

வரிசையில் நிற்பவரிடம் இது எந்த பஸ்ஸின் வரிசை என்று கேட்பதும், பக்கத்து இருக்கைக்காரருடன் நாலு வார்த்தை பேசுவதும் இங்கே இயல்பாக நடக்கும். சாலையோர நிறுத்தங்களில் கை காட்டாவிட்டால் பஸ் நிற்காமல் போகலாம்.

ஷெருத்: பேசத் துணிந்தவருக்கு

பத்துப் பேர் அமரும் வேன் இது. நம் ஊர் ஷேர் ஆட்டோவைப் போல ஆள் நிறைந்த பிறகே கிளம்பும். பின்னால் இருப்பவரின் காசு கைமாறி ஓட்டுநருக்குப் போகும். சில்லறையும் அப்படியே திரும்பி வரும். எவ்வளவு என்று கேட்பது, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று குரல் கொடுப்பது, மீதியை வாங்குவது எல்லாமே ஹீப்ருவில். ஷபாத்தன்று ஜெருசலேமிலிருந்து டெல் அவிவ் போக இதுவே மாணவர்களுக்குக் கைகொடுக்கும். அன்று கட்டணம் கூடுதல், காசாகவே தர வேண்டும்.

டெல் அவிவில் கடைசிக் கட்டம்

ரயிலில் வந்தவரும் சவிடோரில் இறங்கிவிட்டால், அர்லோசொரோவ் நிறுத்தத்தில் சிவப்புத் தட டிராமைப் பிடிக்கலாம். 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய தடம் இது. பாத் யாம் பக்கம் போகும் வண்டியில் ஏறி எலிஃபெலெத்தில் இறங்கிச் சற்று நடந்தால் சார்ல்ஸ் குளோர் பூங்காவும் கடலும். கோர்டன், ஃபிரிஷ்மன் கடற்கரைகளுக்கு நகர பஸ்ஸே வசதி. ஷபாத்தன்று டிராம் ஓடாது. ஆனால் 2019 முதல் நகராட்சி வார இறுதியில் இலவச பஸ்களை விடுகிறது. கட்டணமே வாங்காததால் அட்டையும் வேண்டாம். ஆண், பெண் தனித்தனியே குளிக்க விரும்பினால், நோர்டாவ் கடற்கரையில் அதற்கென்று தனித்தனி நாள்கள் உண்டு.

சாக்கடலா, ஹைஃபாவா?

ஜெருசலேமிலிருந்து சாக்கடல் கரையிலுள்ள எய்ன் போகெக் போகும் 486ஆம் எண் பஸ் பாலைவனத்தில் இறங்கி, கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கொண்டுபோய் விடும். ஒரு பிற்பகலில் முடியும் பயணம் இல்லை. முழு நாள் வேண்டும். பஸ்களும் குறைவு. கோடையைவிடக் குளிர்காலம் ஏற்றது. கரையோரத்தில் நிலம் திடீரென உள்வாங்கும் குழிகளால் எய்ன் கெதியின் பொதுக் கடற்கரை மூடப்பட்டுவிட்டது. ஆகவே அனுமதிக்கப்பட்ட கடற்கரையைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள்.

எந்த ஊரில் படிப்பது என்றே இன்னும் முடிவெடுக்காதவர்கள் ஹைஃபாவையும் யோசிக்கலாம். ஹோஃப் ஹகார்மெல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே கடற்கரை. ஷபாத்தன்றும் ஓரளவு பஸ் ஓடும் ஊர் அது. பல்கலைக்கழகத்திலிருந்து இறங்கும் கேபிள் கார் வளைகுடாப் பக்கம் போவது. கடற்கரைக்கு பஸ்தான் பிடிக்க வேண்டும்.

கிளம்பும் முன்

உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில், அவர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் நீந்துங்கள். வெள்ளைக் கொடி என்றால் இறங்கலாம்; சிவப்பு என்றால் ஆபத்து; கறுப்பு என்றால் இறங்கவே கூடாது. கோடை நடுவில் ஜெல்லி மீன் கூட்டம் வரும். பாதுகாப்பு நிலைமை மாறக்கூடிய நாடு என்பதால், தூதரக அறிவிப்பையும் உள்நாட்டுப் பாதுகாப்புப் படையின் அறிவுறுத்தலையும் அன்றன்று பாருங்கள்.

முதல் பயணத்துக்கு என் பரிந்துரை: வார நடுவில் ஒரு நாள் ரயிலில் போய், 480ஆம் எண் பஸ்ஸில் திரும்புங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டுவிடலாம். விலையும் நேரமும் கேட்கத் தடுமாறாத நிலை வந்ததும் ஷெருத்துக்கு மாறுங்கள். அதில் ஏறி, காசு கொடுத்து, சொன்ன இடத்தில் இறங்கிவிட்டால், அடுத்த நிலை வகுப்புக்கு நீங்கள் தயார்.