பார்வையிழந்தோரும் சர்க்கரை நோயும் – நோன்பு, உளூ பற்றிய பாடம்

 

சர்க்கரை நோய் நீண்ட காலம் கட்டுப்பாடின்றி இருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்துப் பார்வையை மங்கச் செய்கிறது. சிலருக்குப் பார்வையை அடியோடு பறித்தும் விடுகிறது. ஆனால், பார்வை போனாலும் சர்க்கரை நோய் போவதில்லை. விரலில் குத்திச் சோதிப்பதும், ஊசி போடுவதும், பாதத்தைக் கவனிப்பதும் அன்றாடக் கடமைகளாகவே நிற்கின்றன.

இவையெல்லாம் கண்ணால் செய்யும் வேலைகள் என்று எண்ணி, வீட்டார் பாசத்தினால் எல்லாவற்றையும் தங்கள் கையில் எடுத்துக் கொள்கிறார்கள். மகன் வெளியூர் போனால் அன்று சோதனை இல்லை. மருமகள் வேலையாக இருந்தால் ஊசி தாமதம். ரமளான் வந்துவிட்டாலோ, தம் உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமலே அந்தப் பெரியவர் நோன்பு நோற்கிறார். அல்லது யாரோ சொன்னதைக் கேட்டு நோன்பை விடுகிறார். இது முறைதானா என்று மார்க்கத்தின் ஒளியில் பார்ப்போம்.

பொறுப்பு யாருடையது?

பருவமும் புத்தியும் உள்ள பார்வையற்றவர், மற்றவர்களைப் போலவே மார்க்கச் சட்டங்களுக்கு உட்பட்ட முகல்லஃப் ஆவார். பார்வை அவசியமான காரியங்களில் அவர்மீது குற்றமில்லை என்று திருக்குர்ஆன் சலுகை தந்துள்ளது. தொழுகையையும் நோன்பையும் அவரைவிட்டு நீக்கவில்லை. எனவே, "இன்று நோற்பதா, விடுவதா" என்ற தீர்மானத்துக்கு நாளை மறுமையில் பதில் சொல்லப் போகிறவர் அவரே. அவருடைய மகன் அல்ல. பதில் சொல்ல வேண்டியவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா? அவருடைய உடம்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் வழியும் அவர் கைக்கு எட்ட வேண்டும்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கண் பார்வையற்ற ஸஹாபி. நபி (ஸல்) அவர்கள் போருக்குச் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பை அவர்களிடம் விட்டுச் சென்றதுண்டு. அவர்கள் மஸ்ஜிதுந் நபவியின் மோதினாராகவும் இருந்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் இரவிலேயே பாங்கு சொல்வார்கள். இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொல்லும் வரை உண்ணலாம், பருகலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. விடிந்துவிட்டது என்று பிறர் சொன்ன பிறகே அவர்கள் பாங்கு சொல்வார்கள் என்று புகாரீயில் வருகிறது.

இதில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வைகறையை அவர்களால் பார்க்க முடியாது; பார்த்தவர் வந்து சொன்னார். ஆனால், பாங்கு சொல்லும் பணியை அவர்களிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. மதீனா நகரமே தன் நோன்பின் நேரத்துக்கு ஒரு பார்வையற்றவரின் குரலை நம்பியிருந்தது. பார்ப்பவர் தகவல் சொல்ல வேண்டும். காரியத்தை உரியவரே நடத்த வேண்டும். நம் வீடுகளிலும் இந்த முறையே வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

இன்று சர்க்கரை அளவைக் குரலில் சொல்லும் பேசும் குளுக்கோமீட்டர்கள் கிடைக்கின்றன. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரும் உண்டு. அளவு இறங்கினாலோ ஏறினாலோ கைப்பேசி வழியாக ஒலி எழுப்பும். அதன் செலவு சற்று அதிகம். பார்வை மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துள்ள மீட்டரும் நல்ல விளக்கு வெளிச்சமுமே போதுமானதாக இருக்கலாம்.

சோதிக்குமுன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். பேரீத்தம்பழம் தொட்ட விரலில் குத்தினால், இல்லாத சர்க்கரையை மீட்டர் காட்டிவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துவது நல்லது. வலி குறையும், பிரெயில் குர்ஆனை ஓதும் விரலின் உணர்வும் கெடாமல் இருக்கும்.

இன்சுலின் போடுதல்

நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள புட்டியும் உண்டு. 100 யூனிட் உள்ளதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஊசிக் குழல் தனி. 40 யூனிட் குழலுக்குச் சிவப்பு மூடி; 100 யூனிட் குழலுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழலில் எடுத்தால், போட வேண்டியதைப் போல் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. மூடியின் நிறத்தைப் பார்க்க முடியாதவர் உள்ள வீட்டில் ஒரே வகைக் குழலை மட்டும் வைத்திருப்பது பாதுகாப்பு. இரண்டு வகை இன்சுலின் போடுகிறவர் ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் மாட்டிவிட்டால், தடவியே இன்னது என்று அறியலாம்.

இன்சுலின் பேனாவைத் திருகும்போது யூனிட்டுக்கு ஒரு 'டிக்' ஓசை கேட்கும். ஆயினும், அந்த ஓசையை மட்டும் நம்ப வேண்டாம் என்றும், பார்வை குறைந்தவர் பயிற்சி பெற்ற ஒருவர் துணையுடன் உபயோகிக்க வேண்டும் என்றும் பேனாவுடன் வரும் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். ஆகவே, மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற நர்ஸிடமோ கைப்பழக்கம் பெற வேண்டும். பார்வையுள்ள ஒருவர் எண்ணைப் பார்த்துச் சொல்ல, ஊசியை இவரே போட்டுக் கொள்ளட்டும். "விடிந்துவிட்டது" என்று சொன்னவரின் வேலை அதுதான்.

நோன்பின் மஸ்அலாக்கள்

1. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. நபி (ஸல்) அவர்கள் நோன்பு நிலையில் இரத்தம் குத்தி எடுத்துக் கொண்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் உள்ளது. நோன்பு போய்விடுமென்று பயந்து சோதிக்காமல் இருப்பது அறியாமை.

2. இன்சுலின் ஊசியாலும் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் முடிவு. அது உணவுமல்ல, வயிற்றுக்குத் திறந்த துவாரத்தின் வழியாகச் செல்வதுமல்ல.

3. இரத்தம் வெளிவந்து ஓடினால் ஹனபீ மத்ஹபில் உளூ முறியும். ஷாபிஈ மத்ஹபில் முறியாது. ஆகவே, ஹனபீகள் சோதனையை முடித்துக்கொண்டு உளூச் செய்வது வசதி.

4. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமளான் வழிகாட்டி (2021) கூறுகிறது. 70க்குக் கீழே போனால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். "மஃரிபுக்கு இன்னும் அரை மணிதானே" என்று பொறுத்திருப்பது தக்வா அல்ல; தன்னைத் தானே அழிவில் போடுவதாகும். அதை அல்லாஹ் தடுத்திருக்கிறான். நோயினால் விட்ட அந்த நோன்பைப் பிறகு களாச் செய்தால் போதும்; கஃப்ஃபாரா இல்லை.

5. குணமாகும் நம்பிக்கையில்லாத நோயினால் இனி நோற்கவே முடியாது என்று தேர்ந்த மருத்துவர் கூறினால், ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யா கொடுக்க வேண்டும். அதன் அளவை அவரவர் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டறிக. நோன்பு நோற்கலாமா என்பதை ரமளானுக்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைத்துக் கொள்ள வேண்டும். தாமாக மாற்றக் கூடாது.

உளூவும் பாதமும்

சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். கண்ணும் இல்லாதபோது, காலில் முள் தைத்தாலும் தெரியாது. புண் அழுகும் வரை தெரியாது. காலையே எடுக்கும் நிலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அல்லாஹ்வின் அருளைப் பாருங்கள்! பாதத்தைக் கழுவுவதை உளூவில் பர்ளாக்கியிருக்கிறான். கால் விரல்களின் இடுக்கைக் கோதிக் கழுவுவது சுன்னத்து. பார்வையற்றவர் இதையே தம் சோதனையாக்கிக் கொள்ளலாம். கோதும்போது ஈரக்கசிவு, கொப்புளம், வெடிப்பு, வழக்கத்துக்கு மாறான சூடு உண்டா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு விரலிடுக்கை ஈரமின்றித் துடைக்க வேண்டும். ஈரம் தங்கினால் புண் வரும். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போது செருப்புக்குள் கையை விட்டுத் தடவிய பிறகே காலை நுழைக்க வேண்டும். கைவிரலும் மரத்திருந்தால் தடவல் மட்டும் போதாது. வீட்டார் ஒருவர் தினமும் ஒருமுறை பாதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், கட்டின்மீது மஸஹு செய்வது, தயம்மும் செய்வது ஆகிய சலுகைகள் உள்ளன. இவற்றின் விவரத்தையும் ஆலிமிடம் கேட்டறிந்து கொள்க.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

தாய் தந்தையருக்குக் கித்மத் செய்வது பெரும் பாக்கியம். ஆனால், அவர்கள் தாமே செய்யக்கூடியதைச் செய்யவிடாமல் தடுப்பது கித்மத் ஆகாது. மீட்டர், ஊசி, சர்க்கரை டப்பா ஆகியவற்றை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். சொல்லாமல் இடம் மாற்றாதீர்கள். உங்கள் கண்ணை அவர்களுக்குக் கொடுங்கள்; தீர்மானத்தை அவர்களிடமே விடுங்கள். பார்வை இன்னும் நன்றாக இருக்கும் சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைச் சோதித்துக் கொள்ளட்டும்.

இரு கண்களை இழந்தும் பொறுமை காத்தவருக்குப் பகரமாகச் சுவர்க்கத்தை வழங்குவதாக அல்லாஹ் வாக்களித்திருப்பதை ஹதீஸ் குத்ஸியில் காண்கிறோம். பொறுமை என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதல்ல. இருக்கும் கையைக் கொண்டு அமானிதத்தைப் பேணுவதும் பொறுமைதான். அல்லாஹு தஆலா நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு நல்லறிவையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.