கப்பல் எலி என்னும் கதை

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலிருந்து எலி இறங்கிவிட்டதாம். பூனைப் பருமனாம், மருந்துக்குச் சாகாதாம், தூரத்திலிருந்து துப்பாக்கியால் சுட்டால்தான் உண்டாம். விவரம் தெரிந்த விவசாயிகளே இதைச் சொல்லிக்கொண்டு திரிவதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

கப்பலில் பயணம் செய்பவை வீட்டெலியும் நார்வே எலியும். முன்னதற்குக் கூரையும் கிடங்கும் வேண்டும், பின்னதற்குச் சாக்கடை வேண்டும். அவை கரை இறங்காதிருக்கக் கட்டுக்கயிறுகளில் வட்டத் தகடு மாட்டுகிறார்கள். வெளிநாடு போய்வரும் கப்பலுக்குச் சுகாதாரச் சான்று ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். இவ்வளவையும் மீறி நாலு எலி இறங்கினாலும் கிடங்கைவிட்டு வெளியேறி, பல மைல் கடந்து, சம்பா வயலில் குடித்தனம் நடத்தப் போவதில்லை.

உங்கள் நெல்லைத் தின்பது கரம்பை எலி. காட்டுப்பள்ளிக்கு முதல் கப்பல் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இந்த மண்ணில் இருப்பது. சந்தேகம் இருந்தால் வரப்பில் இறங்கிப் பாருங்கள். வளை வாயருகே புது மண் குவிந்திருக்கும், வாயையும் மண்ணால் அடைத்திருக்கும். தோண்டினால் அறுத்துச் சேர்த்த கதிர்கள் கிடைக்கும். பூனைப் பருமனில் கண்டது பெருச்சாளியாக இருக்கும். அதுவும் உள்ளூர்தான்.

மருந்துக்குச் சாகாததற்கும் காரணம் உண்டு. சிங்க் பாஸ்பைடு கலந்த இரையைக் கொஞ்சம் கொறித்து, வயிறு கலங்கிப் பிழைத்த எலி அதை மறுபடி தொடாது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத இரை வைத்துப் பழக்கச் சொல்கிறோம். யார் கேட்கிறார்கள்? முதல் நாளே மருந்தைக் கொட்டிவிட்டு, எலி சீமையிலிருந்து வந்தது என்கிறார்கள்.

துப்பாக்கி யோசனை அதைவிட மோசம். அமெரிக்கப் பண்ணைகளில் கிரவுண்ட்ஹாக் என்ற வளை விலங்கைச் சில நூறு மீட்டர் தள்ளி இருந்தே சுடுகிறார்கள். அது பட்டப்பகலில் வெளியே வந்து மேய்வது. நம் கரம்பை எலியோ இருட்டில் திரிவது. பயிர் மறைவில் எதைக் குறிவைப்பீர்கள்? மடை திறக்க வந்தவர் காலையா? மூன்றே வாரச் சினையில் ஏழெட்டுக் குட்டி போடும் பிராணியை ஒவ்வொன்றாகச் சுட்டுத் தீர்க்கவும் முடியாது.

எலிக்காக வேலிக்கம்பியில் கரண்ட் விடுவது குற்றம், ஆள் சாகிறார்கள். எலி தின்னும் சாரைப்பாம்பையும் அடித்துக் கொல்கிறார்கள். அது நல்லபாம்போடு இணையும் என்பது கட்டுக்கதை. சாரைக்கு விஷமே கிடையாது, எலிதான் அதற்கு முக்கியத் தீனி. அதை அடித்தால் நஷ்டம் உங்களுக்கு.

எலி பிடிக்கும் இருளர் பழங்குடியினர் வந்தால் வரப்பு பாழாகும் என்ற பேச்சை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. வரப்பை ஏற்கெனவே குடைந்து வைத்திருப்பது எலி. இருளர் அதன் தப்பிக்கும் துளைகளைத் தேடி அடைத்து, பானையில் வைக்கோல் புகை மூட்டி ஊதி, வளையை வெட்டிக் குட்டியோடு எடுத்துவிடுவார்கள். வாயால் ஊதி அவர்கள் நெஞ்சு கெடுவதைப் பார்த்துத்தான், கையால் சுற்றும் இரும்புப் புகைக்கருவி உருவானது. 2003இல் உலக வங்கியின் பரிசும் அதற்குக் கிடைத்தது. புளோரிடாவில் மலைப்பாம்பு பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டவர்கள் இந்தச் சமூகத்தார்தான்.

கதிர் வருவதற்கு முன்பே, பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு இருளரைக் கூப்பிடுங்கள். நாள் கூலியை முழுதாகக் கொடுங்கள், வளை நெல்லையும் அவர்களுக்கே விடுங்கள். வெட்டிய வரப்பை அன்றே மண் அணைத்துச் சின்னதாகக் கட்டுங்கள், பருத்த வரப்புதான் எலிக்கு வசதி. வயலில் மருந்து வைத்திருந்தால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிடித்த எலியை அவர்கள் சமைத்துச் சாப்பிடுவார்கள்.