ஃபித்ரா அரிசி: படியா, கிலோவா?

ரமளானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தலைக்கு எத்தனை கிலோ?" திண்டிவனத்துப் புகுந்த வீட்டில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள், விழுப்புரத்துத் தாய்வீட்டில் வேறு கணக்கு. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று ஐயப்படுவது நியாயமே.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஃபித்ரா எடையால் விதிக்கப்பட்டதன்று, அளவையால் விதிக்கப்பட்டது. ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லோருக்காகவும் பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாவு அல்லது வாற்கோதுமையில் ஒரு ஸாவு என நபி (ஸல்) அவர்கள் கடமையாக்கியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது. ஸாவு என்பது நம் மரக்கால், படி போன்ற ஒரு முகத்தலளவை. நான்கு 'முத்' ஒரு ஸாவு. நடுத்தர உடலமைப்புள்ள மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் ஏறத்தாழ ஒரு முத். எடைக்கு மக்காவாசிகளின் எடையும், அளவைக்கு மதீனாவாசிகளின் அளவையும் ஆதாரம் என்ற ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. மக்கா வணிக நகரம். மதீனா பேரீச்சந்தோட்டங்களின் ஊர்.

நம் பக்கத்திலும் நெல்லும் அரிசியும் அளந்தே புழங்கின. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்தபின் கடைகள் கிலோவுக்கு மாறின. படி அடுப்பங்கரையில் தங்கிவிட்டது. சிக்கல் இங்கேதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆனால் ஒரு லிட்டர் அரிசி சுமார் 800 முதல் 850 கிராம்தான்; மாவோ இன்னும் லேசு. தானியத்துக்குத் தானியம் கனம் மாறுவதால் எடையை மட்டும் நம்ப இயலாது, அளவையே அடிப்படை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அன்றே எழுதிவிட்டார்கள்.

இனி மத்ஹபு. ஷாபிஈ மத்ஹபில் ஊரின் பிரதான உணவையே, அதாவது நமக்கு அரிசியையே, ஒரு முழு ஸாவு கொடுக்க வேண்டும், பணம் போதாது. அந்த ஸாவு பக்தாது ராத்தலில் ஐந்தே மூன்றிலொன்று. இன்றைய கணக்கில் இரண்டே முக்கால் லிட்டர் என்பாரும் உண்டு, மூன்று லிட்டர் என்பாரும் உண்டு. பேணுதலுக்கு மூன்றைக் கொண்டால் அரிசி சுமார் இரண்டரை கிலோ. ஹனபி மத்ஹபிலோ ஸாவு எட்டு ராத்தல்; கோதுமையில் அரை ஸாவு போதும்; கிரயமும் கொடுக்கலாம். அந்த அரை ஸாவை நம் நாட்டு உலமாக்களில் சிலர் 1 கிலோ 633 கிராம் என்றும், சிலர் 2 கிலோ 45 கிராம் என்றும் கணக்கிட்டுள்ளனர். (இமாம் அபூஹனீஃபாவின் மாணவரான அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் மதீனா சென்று, அங்குள்ள குடும்பங்கள் வழிவழியாக வைத்திருந்த ஸாவுகளைக் கண்டபின் எட்டு ராத்தல் என்ற கருத்தை விட்டார்கள் என்ற செய்தியும் பிரபலம்.)

ஆகவே இரு வீட்டுக் கணக்கும் அதனதன் இடத்தில் சரி. கலப்பதுதான் தவறு. ஷாபிஈ குடும்பத்தினர் ஹனபிகளின் கோதுமைக் கணக்கைக் காதில் வாங்கி, 1 கிலோ 633 கிராம் அரிசியை அளித்தால், ஆறு பேருள்ள வீட்டில் ஐந்து கிலோவுக்கு மேல் குறைந்துபோகும். அது ஏழையின் பெருநாள் சோறு.

சகோதரிகளே, ஒரு முறை இப்படிச் செய்துவையுங்கள். வீட்டுப் படியை நம்பிவிடாதீர்கள். ஊருக்கு ஊர் படி வேறு, பழைய பித்தளைப் படி நசுங்கியும் இருக்கும். லிட்டர் அளவையால் மூன்று லிட்டர் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, நின்ற மட்டத்தில் கோடிடுங்கள். ஈரம் போகத் துடைத்து, நீங்கள் உண்ணும் அரிசியை அக்கோடு வரை கொட்டுங்கள். குலுக்கவோ அழுத்தவோ குவிக்கவோ வேண்டாம். தலைதட்டிய அளவே அளவு. பிறகு அந்த அரிசியைக் கடைத் தராசில் நிறுத்து, வந்த எடையை அரிசிப் பானையின் மூடியில் எழுதிவையுங்கள். புழுங்கலிலிருந்து பச்சரிசிக்கோ, வேறு ரகத்துக்கோ மாறினால் மீண்டும் நிறுக்க வேண்டும்.

ஷாபிஈகள் இன்னொன்றையும் கவனிக்க: ஒருவருக்குரிய ஸாவில் பாதி அரிசி, பாதி கோதுமை எனக் கலந்து கொடுப்பது கூடாது. பெருநாள் தொழுகைக்கு முன்பே உரியவர் கையில் சேர்த்துவிடுங்கள்.